பிறவியோடு வந்தவை: ஒரு பின்னியச் சொல்லின் வரலாறு

மனிதனிடம் காணப்படும் குணங்களுள் எவை அவனோடு பிறந்தவை, எவை பின்னர் வந்து சேர்ந்தவை என்னும் வினா மிகப் பழையது. 'அது அவனுடைய பிறவிக் குணம்' என்று நாம் சொல்லும்போது ஒரு செய்தியைச் சொல்வதாகவே எண்ணுகிறோம். உண்மையில் பெரும்பாலும் ஒரு தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறோம். 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்னும் பழமொழிகூடப் பழக்கத்தைத்தான் குறிக்கிறதேயன்றிப் பிறவியைக் குறிக்கவில்லை. பழக்கத்தை மாற்ற முயலலாம். பிறவியை என் செய்வது என்று கை விரித்து விடுகிறோம்.

இந்த வினாவை ஒரு சிறிய மக்களினம் தன் மொழியில் எவ்வாறு சுமந்து வந்துள்ளது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள பின்லாந்து மக்கள், பிறவியோடு வந்த பண்பைக் குறிக்க 'ஸுன்னுன்னைனென்' என்னும் பெயரடைச் சொல்லை வழங்குகின்றனர். உதடுகளைக் குவித்துக்கொண்டு இகரத்தை ஒலித்தால் அச்சொல்லின் முதலுயிர் ஏறக்குறைய அமையும். மருத்துவமனை ஏடுகளிலும், மெய்யியல் நூல்களிலும், அன்றாடப் பேச்சிலும் அது வழங்குகிறது. அதன் வரலாற்றில் பழைய மந்திரப் பாடல்களும் மறைக்கல்வியும் ஒரு கொடிய சட்டமும், பிறந்து சில மாதங்களில் மாண்ட குழந்தைகளும் இடம்பெறுகின்றனர்.

சொல்லும் அதன் சுற்றமும்

பின்னிய மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய உறவும் ஹங்கேரிய மொழிக்குத் தூரத்து உறவும் உடையது. யூராலிய மொழிக் குடும்பம் என்று அதனை வகைப்படுத்துவர். நம் தமிழைப் போலவே வேர்ச்சொல்லோடு ஒட்டுகளை அடுக்கிப் புதுச்சொற்களை ஆக்கும் இயல்புடையது. 'ஸுன்த்தியா' என்றால் பிறத்தல். 'ஸுன்த்து' என்றால் பிறப்பு அல்லது தோற்றம். இவ்வேரிலிருந்து கிளைத்த பெயரோடு, பண்பைக் குறிக்கும் 'இனென்' என்னும் ஒட்டுச் சேர்ந்து 'ஸுன்னுன்னைனென்' பிறந்தது. மரத்தாலானது, கல்லாலானது என்று சொல்வதற்கும் அம்மொழியார் இதே ஒட்டைத்தான் பயன்படுத்துகின்றனர். ஆகவே இச்சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் 'பிறப்பாலானது' என்றாகும்.

இச்சொல் நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாய் வழங்குகிறது. ஒருவர் பிறவித் தலைவராகவும் இருக்கலாம், பிறவிப் பொய்யராகவும் இருக்கலாம். இரண்டிற்கும் அடைமொழி ஒன்றே. குழந்தையின் இதயத்தில் பிறக்கும்போதே காணப்படும் குறைக்கும் இதே சொல்தான். மனித மனத்தில் சில கருத்துகள் பிறவியிலேயே பொதிந்துள்ளன என்ற தெக்கார்த்தின் கொள்கையைப் பின்னிய மெய்யியலார் எடுத்துரைக்கும்போதும் இச்சொல்லையே கையாளுகின்றனர்.

ஆயினும் இச்சொல் தனித்து நிற்கவில்லை. அதற்கு இரு உடன்பிறப்புகள் உண்டு. ஒன்று 'லுவொன்தைனென்', இயல்பானது என்பது பொருள். இது இயற்கையையும் ஒருவரின் உள்ளியல்பையும் குறிக்கும் 'லுவொன்த்தோ' என்னும் சொல்லிலிருந்து வருவது. அச்சொல்லோ படைத்தல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. இறைவனைப் 'படைத்தவர்' என்று அழைக்கும் சொல்லும் அதே வினையிலிருந்து வந்தது. மற்றொன்று 'பெரின்னொல்லினென்', பெற்றோர் வழி வந்தது, மரபுரிமையாய்ப் பெற்றது என்பது பொருள். நிலத்தையும் வீட்டையும் வழியுரிமையாய்ப் பெறுவதைக் குறிக்கும் வினையே அதற்கு மூலம்.

பிறப்பால் வந்தது, படைப்பால் வந்தது, மரபால் வந்தது என மூன்று சொற்கள். நாம் இம்மூன்றையும் பல வேளைகளில் ஒன்றாகவே கருதி விடுகிறோம். ஆனால் இவை ஒன்றல்ல. தாய் கருவுற்ற தொடக்க மாதங்களில் ருபெல்லா நோய் கண்டால் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பாதிக்கப்படலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதனை முதன்முதல் எடுத்துக்காட்டினார். அத்தகைய குறை பிறப்போடு வந்ததே, மரபு வழி வந்ததன்று. இதற்கு மாறாக, ஹன்டிங்டன் நோய் மரபு வழி வருவது. ஆனால் பெரும்பாலும் நடு வயதில்தான் வெளிப்படுகிறது. எனவே பிறவியில் உள்ளதெல்லாம் முன்னோர் தந்ததன்று. முன்னோர் தந்ததெல்லாம் பிறப்பிலேயே தெரிவதுமன்று.

ஓசையால் நெருங்கிய இரு சொற்கள்

பிறப்பைக் குறிக்கும் சொல் 'ஸுன்த்து' என்று கண்டோம். பின்னிய மொழியில் பாவத்தைக் குறிக்கும் சொல் 'ஸுன்த்தி' என்பதாகும். ஓர் உயிரெழுத்தே வேறுபாடு. வேற்றுமை உருபு ஏற்கும்போது ஒன்று 'ஸுன்னுன்' என்றும் மற்றொன்று 'ஸுன்னின்' என்றும் மாறி இன்னும் நெருங்கி ஒலிக்கும். ஆயினும் இவ்விரண்டும் உறவில்லாச் சொற்கள். பிறப்பைக் குறிப்பது பின்னியரின் சொந்தச் சொல். பாவத்தைக் குறிப்பது அயலிலிருந்து வந்த கடன் சொல், ஸ்வீடிய மொழியின் 'ஸுண்ட்' என்பதோடு தொடர்புடையது.

அந்நாட்டில் நற்செய்தி பரவிய வரலாறு இக்கடன் சொற்களில் பதிந்துள்ளது. சிலுவை, குரு, புறவினத்தார், திருவிவிலியம் ஆகியவற்றுக்கான பின்னியச் சொற்கள் கிழக்கேயிருந்து, பழைய சிலாவிய மொழியிலிருந்து வந்தவை. திருவிவிலியத்தை அவர்கள் 'ராமத்து' என்கின்றனர். எழுதப்பட்டது என்பது அதன் மூலப்பொருள். மேற்கேயிருந்து ஸ்வீடன் வழியாக வந்தது உரோமைத் திருச்சபை. உப்சாலா ஆயர் புனித ஹென்றி 12ஆம் நூற்றாண்டில் அங்கு மறைபரப்பி, கொய்லியோ ஏரியின் உறைபனி மீது லல்லி என்பவனால் கொல்லப்பட்டார் என்பது மரபுவழிச் செய்தி. துர்க்கு நகரப் பேராலயம் 1300இல் அர்ச்சிக்கப்பட்டது. 1488இல் லூபெக் நகரில் அச்சான இலத்தீன் திருப்பலி நூலே பின்லாந்துக்கென அச்சிடப்பெற்ற முதல் நூல்.

பின்னிய மொழியில் முதல் அச்சு நூலை 1543இல் தந்தவர் மிக்கயேல் அக்ரிகோலா. 1536 முதல் 1539 வரை விட்டன்பர்க்கில் லூத்தரிடம் பயின்று திரும்பிய இவர், 1548இல் புதிய ஏற்பாட்டைப் பின்னிய மொழியில் வெளியிட்டார். பிரிவினையின் காலத்தவராயினும், ஓர் எளிய மக்களின் நாவுக்கு இறைவார்த்தையைப் பழக்கிய அவரது உழைப்பை நாம் மதித்தே ஆகவேண்டும். பிறப்பும் பாவமும் அடுத்தடுத்து ஒலிக்கும் மறையுரைகளை அந்நாட்டு மக்கள் தங்கள் தாய்மொழியில் அன்று தொட்டுக் கேட்டு வருகின்றனர்.

இரும்பின் பிறப்பு

பிறப்பு என்னும் சொல்லுக்குப் பின்னியரின் பழைய வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நோய்க்கோ காயத்துக்கோ காரணமான பொருள் எவ்வாறு தோன்றியது என்று பாடும் மந்திரப் பாடலையும் 'ஸுன்த்து' என்றே அழைத்தனர். ஒன்றின் தோற்றத்தை அறிந்தவன் அதனை அடக்கும் ஆற்றல் பெறுகிறான் என்பது அவர்தம் நம்பிக்கை.

இப்பாடல்களைச் சிற்றூர்தோறும் நடந்து தொகுத்தவர் எலியாஸ் லொன்ரோத். இவர் ஒரு மருத்துவர். பின்னியரின் மந்திர மருத்துவம் பற்றியே 1832இல் தம் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வுரையை எழுதினார். மறு ஆண்டு முதல் கயானி என்னும் வறிய வட்டாரத்தில் அரசு மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே நாட்டுப் பாடல்களைத் திரட்டி, 1835இல் 'கலேவலா' காவியத்தை வெளியிட்டார். 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்ட விரிந்த பதிப்பு 1849இல் வெளிவந்தது.

அக்காவியத்தில் முதிய பாடகன் வைனமோயினென் படகு செய்யும்போது கோடரி தவறி முழங்காலில் படுகிறது. குருதி நிற்கவில்லை. அதனை நிறுத்த வல்ல முதியவருக்கோ இரும்பின் பிறப்பு மறந்து போயிற்று. வைனமோயினென் அதனை எடுத்துரைக்கிறான்: இரும்பு தொடக்கத்தில் இயற்கையின் கன்னியர் மூவரின் மார்பிலிருந்து வடிந்த பால். அது தன் உடன்பிறந்தோரைத் துன்புறுத்துவதில்லை என்று சூளுரைத்தது. கொல்லன் இல்மரினென் அதனைப் பதப்படுத்தத் தேன் கொண்டுவரும்படி தேனீயை வேண்டினான். ஆனால் தீய குளவி ஒன்று தேனுக்கு மாறாகப் பாம்பின் நஞ்சைக் கொணர்ந்து கலந்துவிட்டது. அன்று முதல் இரும்பு தன் ஆணையை மறந்து மனிதனை வெட்டத் தொடங்கியது.

இது புறவினத்தாரின் கதைதான். ஆயினும் இதனுள் ஓர் உண்மை இருக்கிறது. வெட்டுவது இரும்பின் பிறவிக் குணம் என்று அப்பாடல் சொல்லவில்லை. அதன் பிறப்பு பால். நஞ்சு இடையில் வந்தது. தீமை மிகப் பழையதாக இருக்கலாம். அதனினும் பழையது நன்மை. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் தாம் படைத்தவற்றை நோக்கி நன்றெனக் கண்டதையும், மூன்றாம் அதிகாரத்தில் பாம்பு வருவதையும் அறிந்த நமக்கு இந்த வரிசை புதிதன்று.

மரபுரிமையாய் வந்த பாவம்

ஆதிப் பெற்றோரின் பாவ நிலையைக் குறிக்க ஒவ்வொரு மொழியும் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டது. புனித அகுஸ்தீனார் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிம்பிளிசியானுக்கு எழுதிய நூலில் கையாண்ட இலத்தீன் சொல், 'தோற்றத்தின் பாவம்' என்று பொருள்படுவது. ஜெர்மானியரும் ஸ்வீடியரும் 'வழியுரிமைப் பாவம்' என்றனர். பின்னியரும் அதே அமைப்பில் 'பெரிஸுன்த்தி' என்றனர். நம் முன்னோர் 'சென்மப் பாவம்' என்றனர். இன்று 'பிறப்புநிலைப் பாவம்' என்கிறோம். தோற்றம், மரபுரிமை, பிறப்பு என ஒரே மறையுண்மையின் மூன்று முகங்களை மொழிகள் பங்கிட்டுக்கொண்டன எனலாம்.

பின்னியர் தம் பிறப்புச் சொல்லைத் தவிர்த்து மரபுரிமைச் சொல்லைத் தேர்ந்ததில் ஒரு பயன் உண்டு. வழியுரிமையாய் ஒருவருக்குக் கடன் வரலாம். அக்கடனை வாங்கியவர் அவரல்லர். 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனையே தெளிவுபடுத்துகிறது: இப்பாவம் நாம் பெற்றுக்கொண்டதேயன்றிச் செய்ததன்று, ஒரு நிலையேயன்றிச் செயலன்று. 1546 ஜூன் 17ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையும், அது வழிவழியாய்ப் பரவுவது என்று கற்பித்ததோடு, திருமுழுக்கின் அருளால் அக்குற்றம் முற்றிலும் நீக்கப்படுகிறது என்றும் கற்பித்தது.

இவ்விடத்தில் லூத்தரன் சபையார் நடுவே எழுந்த ஒரு வழக்கையும் நினைவுகூர வேண்டும். பிளாசியுஸ் என்னும் இறையியலார், வீழ்ச்சிக்குப் பின் பாவமே மனிதனின் உட்பொருளாகி விட்டது என்று 1560இல் வைமார் நகரில் வாதிட்டார். அவருடைய சபையே அதனை ஏற்கவில்லை. 1577ஆம் ஆண்டின் உடன்பாட்டு வாய்பாடு அக்கருத்தைத் தள்ளி, கடவுளின் படைப்பாகிய மனித இயல்பு வேறு, அதில் பற்றிய பாவம் வேறு என்று வரையறுத்தது. வீழ்ச்சி எவ்வளவு ஆழமானது என்பதில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் இருப்பினும், மனிதனே பாவம் என்று சொல்லக்கூடாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர். பின்னிய மொழியின் நடையில் சொன்னால், பிறப்பால் வந்த காயம் படைப்பால் வந்த நன்மையை அழித்துவிடாது.

சொல் சட்டமானபோது

இவ்வேறுபாடு நூலறிஞரின் நுண்மை மட்டுமே என்று எண்ணுவோர், 20ஆம் நூற்றாண்டின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். பிறவியில் வந்ததெல்லாம் மரபில் வந்தது, மரபில் வந்ததெல்லாம் மாறாதது, மாறாதது நாட்டுக்குச் சுமை என்று ஒரு சிந்தனை அந்நாளில் அறிவியலின் பெயரால் எழுந்தது. அதற்கு இனமேம்பாட்டியல் என்று பெயர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இலும், டென்மார்க் 1929இலும், ஜெர்மனி 1933இலும், ஸ்வீடனும் நார்வேயும் 1934இலும் இதன்படி கருத்தடைச் சட்டங்கள் இயற்றின. பின்லாந்து 1935இல் இயற்றியது. அறிவு வளர்ச்சி குன்றியோரையும் மனநோயாளரையும், அவர்கள் இசையாவிடினும் கருத்தடைக்கு உட்படுத்த அச்சட்டம் வழிவகுத்தது. 1950இல் வந்த சட்டம் அதன் எல்லையை விரித்தது. 1970இல் புதிய சட்டம் வரும்வரை ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு தாய்மையையும் தந்தைமையையும் இழந்தனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

இது சர்வாதிகாரியின் ஆட்சியில் நடந்ததன்று; மக்களாட்சி நாட்டில், கற்றோர் ஒப்புதலுடன், நன்னோக்கம் என்ற பெயரில் நடந்தது. அதுவே நம்மை அஞ்சவைக்க வேண்டும். இச்சட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1930 டிசம்பர் 31ஆம் நாள், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கிறித்தவத் திருமணம் பற்றிய தம் சுற்றுமடலில், குற்றம் ஏதும் செய்யாத குடிமக்களின் உடல்மீது அரசுக்கு நேரடி அதிகாரம் இல்லை என்றும், இனமேம்பாட்டின் பெயரால் அவர்களது உடலைச் சிதைக்க உரிமை இல்லை என்றும் கற்பித்திருந்தார். பின்லாந்திலோ கத்தோலிக்கர் அன்றும் இன்றும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத சிறு மந்தை.

பங்குப் பதிவேடுகளும் குழந்தைகளும்

அதே நாட்டில், அதே நூற்றாண்டில், அதே சொல்லைக்கொண்டு வேறொரு பாதையும் திறந்தது. பின்லாந்தில் சில குழந்தைகள் பிறந்த சில நாள்களிலேயே உடல் வீங்கி, சிறுநீர் வழியாகப் புரதம் பெருமளவில் வெளியேறி, பெரும்பாலும் ஓராண்டு நிறையுமுன் இறந்துவந்தனர். நீலோ ஹால்மனும் அவருடைய உடன் மருத்துவர்களும் 1956இல் இந்நோயை விவரித்தனர். அதன் பின்னியப் பெயரின் முதற்சொல் 'ஸுன்னுன்னைனென்' என்பதே; பிறவிச் சிறுநீரக நோய் என்று பொருள். அங்கு ஏறத்தாழ 8,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தையை அது பற்றியது.

இந்நோய் எவ்வாறு வருகிறது என்பதை ரெய்யோ நோரியோ என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அவருக்குக் கைகொடுத்தவை பங்குப் பதிவேடுகள். ஸ்வீடிய ஆட்சியின் 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி பங்குக் குருக்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றையும் குடும்பங்களின் இடப்பெயர்ச்சியையும் எழுதி வைக்க வேண்டியிருந்தது. குளிர்கால மாலைகளில் யாரோ ஒரு குரு மை தொட்டு எழுதிய பெயர், இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், நோயுற்ற குழந்தைகளின் முன்னோரை இனங்காண உதவிற்று. திருமுழுக்குப் பதிவேட்டைச் சலிப்போடு திறக்கும் எம்போன்ற பங்குத்தந்தையர் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.

அப்பதிவேடுகள் காட்டிய காரணம் இதுதான்: 16ஆம் நூற்றாண்டில் மன்னர் குஸ்தாவ் வாசாவின் ஊக்குவிப்பால் சிறுசிறு குடும்பக் குழுக்கள் நாட்டின் கிழக்கிலும் வடக்கிலும் காடழித்துக் குடியேறின. சிலரே தொடங்கிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குள்ளேயே மண உறவு நிகழ்ந்தது. தாயிடமும் தந்தையிடமும் மறைந்திருந்த ஒரே பிழை சந்தித்தபோது நோய் வெளிப்பட்டது. இருவரும் நலமுடையோர், இருவரும் தவறு செய்தவரல்லர், ஆயினும் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இவ்வகை நோய்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை அங்கு கண்டறியப்பட்டுள்ளன. 1973 முதல் மருத்துவ உலகம் அவற்றைப் 'பின்னிய நோய் மரபுரிமை' என்று குறித்து வருகிறது. மறுபுறம், பிற ஐரோப்பிய நாடுகளில் மிகுதியாக உள்ள சில மரபுநோய்கள் அங்கு அரிதாகவே காணப்படுகின்றன. இத்தகைய மறைந்த பிழைகள் சிலவற்றையேனும் சுமக்காத மனிதர் உலகில் எவருமில்லை.

1998இல் கார்ல் திரிக்வாசன் தலைமையிலான ஆய்வுக்குழு இந்நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டறிந்தது. அதற்கு முன்பே, 1980களின் பிற்பகுதியிலிருந்து, ஹெல்சிங்கி நகரக் குழந்தை மருத்துவமனையில் இக்குழந்தைகளின் சிறுநீரகங்களை அகற்றி, இயந்திரத்தின் துணையால் குருதியைத் தூய்மை செய்து, பின்னர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் முறை வளர்ந்தது. பல குழந்தைகளுக்கு அதனைத் தந்தவர் தாயோ தந்தையோ. தாம் அறியாமல் நோயைக் கொடுத்தவரே தாம் அறிந்து உறுப்பையும் கொடுக்கின்றனர். பிறவியில் வந்ததைப் பிறவியோடு விட்டுவிடாத அன்புக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு தேவையில்லை.

யார் செய்த பாவம்?

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைச் சீடர்கள் காண்கின்றனர். இவர் இப்படிப் பிறக்கக் காரணம் யார் செய்த பாவம், இவர் செய்ததா, பெற்றோர் செய்ததா என்று வினவுகின்றனர். பின்னியத் திருவிவிலியத்தில் இவ்வசனத்தில் பிறப்பைக் குறிக்கும் சொல்லும் பாவத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே மூச்சில் வருகின்றன. கேட்போர் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். மனித மனமும் அவ்விரண்டையும் எப்போதும் ஒன்றாகவே கேட்க விரும்புகிறது. இயேசுவோ அவ்விரண்டையும் பிரித்தார். இவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்றார். 'ஏன் இப்படிப் பிறந்தார்' என்ற வினாவை, 'இவரில் கடவுளின் செயல் எவ்வாறு வெளிப்படும்' என்ற வினாவாக மாற்றினார். மாற்றியதோடு நில்லாமல், குனிந்து சேறு உண்டாக்கி அவர் கண்களில் பூசினார்.

அதே அதிகாரத்தின் இறுதியில் பரிசேயர், பார்வை பெற்ற அந்த மனிதரையே பார்த்து, முழுவதும் பாவத்தில் பிறந்தவன் என்று இகழ்ந்து வெளியே தள்ளினர். கண் திறந்த பின்பும் அவர்களுக்கு அவர் பிறவிக் குருடரே. இயேசு அவரைத் தேடிச் சென்று கண்டார்.

திறமை பெற்றவரைப் பின்னியர் 'கொடை உடையவர்' என்ற பொருளில் 'லஹ்யகஸ்' என்று அழைக்கின்றனர். தாலந்து உவமையில் அவர்களது பழைய திருவிவிலியம் 'லெய்விஸ்கா' என்னும் சொல்லை வழங்கியது. அது ஏறத்தாழ எட்டரைக் கிலோ கொண்ட நாட்டு எடை. தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை நன்கு நிறைவேற்றுவதை 'தன் லெய்விஸ்காவைப் பேணுதல்' என்று அம்மக்கள் இன்றும் சொல்வர். பிறவியோடு வந்தது பெருமையாயினும் குறையாயினும், அது நம் கையில் வைக்கப்பட்ட ஒரு சுமை, பேணுவதற்கென்றே தரப்பட்டது.

ஆகவே அடுத்தமுறை ஒரு பிள்ளையைப் பற்றியோ, ஒரு குடும்பத்தைப் பற்றியோ, ஓர் ஊராரைப் பற்றியோ 'அது அவர்கள் பிறவிக் குணம்' என்னும் சொல் நம் நாவில் எழும்போது சற்று நிறுத்துவோம். நாம் சொல்ல வருவது பிறப்பால் வந்ததா, மரபால் வந்ததா, நாமே அவர்மேல் சுமத்தியதா? எதுவாயினும், இவற்றுக்கெல்லாம் முன்னே இறைவனின் படைப்பால் வந்த நன்மை ஒன்று அவரிடம் இருக்கிறது. அதைக் காணும் கண்களை நமக்கும் அவர் திறப்பாராக.